ட்ரைவரைத் தேடி அலையுமுன்

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய பெட்டியைப் பற்றி இம்முறை பேசுவோம். சிம் அட்டையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் வீட்டிலுள்ள நான்கைந்து கையடக்கத் தொலைபேசிகளுக்கும் மடிக்கணனிக்கும் வைஃபை மூலம் இணையம் தருகின்றதே, அந்த மொடம்தான். 'பொக்கட் ரவுட்டர்' என்பார் சிலர். 'மைஃபை' என்பார் வேறு சிலர். 2009ஆம் ஆண்டு நொவாடெல் நிறுவனம் 'மைஃபை' என்ற பெயரிலும் ஹுவாவி நிறுவனம் 'ஈ5' என்ற வரிசையிலும் இவற்றைச் சந்தைக்குக் கொண்டு வந்தன. அதற்கு முன்னர் எமது வீடுகளில் பெரும்பாலும் இருந்தது கணனியில் நேரடியாகச் செருகும் 'டொங்கள்'தான்.

வைஃபையில் பாவிக்கும் வரை இந்தப் பெட்டியால் பெரிய தொல்லை எதுவும் இல்லை. யூ.எஸ்.பி வயரினால் அதனைக் கணனியுடன் இணைக்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பமாகின்றது. ஏன் இணைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மேசைக் கணனிகள் பலவற்றில் வைஃபை வசதியே கிடையாது. பழைய மடிக்கணனிகளில் அது பழுதாகிப் போயிருக்கும். உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை ஸூம் வகுப்பில் இருக்கும்போது தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்றும் நினைப்போம். ஆகவே வயரைச் செருகுகின்றோம். கணனித் திரையின் மூலையில் ஏதோ ஒரு செய்தி தோன்றி மறைகின்றது. இணையம் வரவில்லை. "ட்ரைவர் இல்லையாம்" என்று வீட்டில் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நடப்பவைதான் கவலைக்குரியவை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவரை இழந்த ஒரு சகோதரி, மகளின் படிப்புக்காக இப்படியொரு மொடத்தை வாங்கினார். கணனி கணவர் பாவித்தது. வயரில் இணையம் வராததால் மகள் அதனை அருகிலிருந்த கடைக்கு எடுத்துச் சென்றாள். "ட்ரைவர் ஏறுதில்லை, விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும்" என்றார்கள். போட்டார்கள், பணமும் வாங்கினார்கள். வாப்பாவின் படங்கள், அவர் பிள்ளைகளுடன் பேசிப் பதிந்து வைத்திருந்த குரல், மகளின் இரண்டு வருடக் குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. வீட்டுக்கு வந்து வயரைச் செருகினார்கள். அப்போதும் இணையம் இல்லை. கடைசியில் பார்த்தால் பழுது வயரில். அது சார்ஜ் ஏற்றுவதற்கு மாத்திரம் பயன்படும் வயர். வேறொரு வயரைப் போட்டவுடன் எல்லாம் சரியாயிற்று.

எனவே முதலில் வயரைப் பாருங்கள். சாதாரண யூ.எஸ்.பி வயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவாக விற்கப்படும் சில வயர்களில் முதல் இரண்டு மட்டுமே உண்டு. வெளியில் பார்த்து இதனை அறிய முடியாது. அதே முனை பொருந்தும் ஒரு கையடக்கத் தொலைபேசியை அந்த வயரினால் கணனியுடன் இணைத்து, தொலைபேசியில் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தெரிவு செய்து பாருங்கள். அதிலுள்ள படங்கள் கணனியில் தெரிந்தால் வயர் நல்லது. சார்ஜ் மட்டும் ஏறினால் அந்த வயரைச் சுவரில் சார்ஜ் ஏற்றுவதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

மொடத்திலும் இதே கதை உண்டு. சில மாதிரிகளில் யூ.எஸ்.பி துவாரம் சார்ஜுக்கு மட்டுமே வைக்கப்பட்டிருக்கின்றது. அதற்கு உலகத்தில் எந்த ட்ரைவரும் கிடையாது. பெட்டியுடன் வந்த சிறு கையேட்டைப் பார்த்தால் தெரியும். நாமோ அதனைப் பெட்டியோடு எறிந்துவிட்டிருப்போம்.

அடுத்தது துவாரம். மேசைக் கணனியின் முன்பக்கத் துவாரங்களும், ஒன்றை நான்காக்கும் 'ஹப்' என்னும் துணைக் கருவியும் பல வேளைகளில் போதிய மின்சாரம் தருவதில்லை. யூ.எஸ்.பி 2.0 துவாரமொன்று தர வேண்டிய அளவு 500 மில்லி அம்பியர். மொடம் பெட்டரியையும் சார்ஜ் செய்து கொண்டு, கோபுரத்துடனும் பேசும்போது இது மட்டுமட்டாகத்தான் இருக்கும். தொடர்பு வந்து வந்து போகுமானால் பின்பக்கத் துவாரத்தில் நேராகச் செருகிப் பாருங்கள். நீல நிற நாக்குள்ள யூ.எஸ்.பி 3.0 துவாரத்தில் 900 மில்லி அம்பியர் கிடைக்கும். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. யூ.எஸ்.பி 3.0 இயங்கும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைப் பாதிக்கின்றது என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதி வெளியிட்டது. வயரில் ஒரு கணனியும் வைஃபையில் மற்றவர்களுமாகப் பாவிக்கும் வீடுகளில் மொடத்தைக் கணனியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பது நல்லது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையென்றால்தான் ட்ரைவரைப் பற்றிப் பேச வேண்டும்.

ட்ரைவர் என்பது என்ன? தமிழ் நூல்களில் 'இயக்கி', 'செலுத்தி' என்றெல்லாம் எழுதுகின்றார்கள். கடையில் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். சாரதி என்றால் பஸ் ஓட்டுபவரைத் தேடுவார்கள். என்னைக் கேட்டால் 'மொழிபெயர்ப்பாளர்' என்பதுதான் பொருத்தம். விண்டோஸுக்கு ஒரு மொழி, மொடத்துக்கு ஒரு மொழி. இரண்டுக்கும் இடையில் நின்று பேசுவதே ட்ரைவரின் வேலை. ஒரு விடயத்தை மட்டும் மறவாதீர்கள்: இந்த மொழிபெயர்ப்பாளர் வாசலில் நிற்பவர் அல்லர். கணனியின் உள் அறை வரை போய் வர அவருக்கு அனுமதி உண்டு. அவர் யாரென்று தெரியாமல் உள்ளே விடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இணையம் இல்லாத கணனிக்கு இணையத்திலிருந்து ட்ரைவரை எப்படிக் கொண்டு வருவது? கிணற்றுக்குள் இறங்கக் கயிறு வேண்டும், கயிறோ கிணற்றுக்குள் கிடக்கின்றது என்பது போன்ற சிக்கல் இது. மொடம் செய்தவர்கள் இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். ட்ரைவரை மொடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வயரைச் செருகியவுடன் மொடம் தன்னை மொடம் என்று காட்டிக் கொள்ளாது. "நான் ஒரு சீ.டி. தட்டு" என்று வேடம் போட்டுக் கொண்டு கணனிக்குள் நுழையும்.

ஏன் சீ.டி. வேடம்? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. விண்டோஸ் 95 காலம் முதல் சீ.டி.யைப் போட்டவுடன் அதிலுள்ள மென்பொருள் தானாகவே ஓட ஆரம்பிக்கும். பிற்காலத்தில் யூ.எஸ்.பி பென்களும் இவ்வாறே தானாக ஓடத் தொடங்கவே, வைரஸ்களுக்குப் பெருநாளாகிவிட்டது. 2008இன் இறுதியில் உலகமெங்கும் பரவிய கொன்பிக்கர் என்பது இந்த வழியையும் பயன்படுத்திக் கொண்டது. எனவே மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2009இல் வந்த விண்டோஸ் 7இலும், 2011 பெப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கு அனுப்பிய திருத்தத்திலும் யூ.எஸ்.பி பென்களின் வாயை அடைத்தது. சீ.டி.க்கு மட்டும் அந்த அனுமதி எஞ்சியது. மொடத்தின் சீ.டி. வேடம் தப்பிப் பிழைத்தது அதனால்தான்.

ஆகவே வயரைச் செருகி அரை நிமிடம் பொறுங்கள். பிறகு 'திஸ் பீ.ஸீ.' என்பதைத் திறந்து பாருங்கள். முன்பு இல்லாத ஒரு சீ.டி. அடையாளம், பெரும்பாலும் மொடத்தின் அல்லது தொலைபேசி நிறுவனத்தின் பெயருடன் அங்கே நிற்கும். அதைத் திறந்து 'செட்அப்' அல்லது 'ஓட்டோரன்' என்ற கோப்பை ஓட விடுங்கள். உங்களுக்குத் தேவையான ட்ரைவர் அதுதான். அது பதியப்பட்டதும் மொடம் சீ.டி. வேடத்தைக் கலைத்துவிட்டுத் தன் சொந்த உருவில் தோன்றும். வேடம் கலையாமல் சீ.டி.யாகவே நின்றால் அந்த அடையாளத்தின் மீது மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி 'இஜெக்ட்' என்பதைத் தெரிவு செய்து பாருங்கள். பல மாதிரிகளில் அதுவே வேடத்தைக் கலைக்கும் கட்டளை.

சொந்த உருவம் என்று சொன்னேன்; அதுவும் ஒரே விதமானதல்ல. பழைய டொங்கள்கள் தொலைபேசி மொடம் போலத் தோன்றி *99# என்ற இலக்கத்தைச் சுழற்றித் தொடர்பு எடுக்கும். இன்றைய வைஃபை மொடங்கள் பெரும்பாலும் ஒரு நெட்வேர்க் கார்ட் போலத் தோன்றும். பின்னையவற்றில் பலவற்றுக்கு வெளி ட்ரைவரே தேவையில்லை. 'ரிமோட் என்.டி.ஐ.எஸ்.' என்ற மொழிபெயர்ப்பாளரை விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கின்றது. கையடக்கத் தொலைபேசியை வயரில் இணைத்து அதன் இணையத்தைக் கணனிக்குக் கொடுக்கும்போது வேலை செய்பவரும் பெரும்பாலும் இவரேதான். அப்பிளின் மெக் கணனிகளில் இவர் இல்லை. விண்டோஸில் ஓடும் மொடம் மெக்கில் ஓடாததற்கு இது ஒரு காரணம்.

இப்போது 'டிவைஸ் மெனேஜர்' என்ற பக்கத்துக்கு வருவோம். திரையின் கீழேயுள்ள விண்டோஸ் அடையாளத்தின் மீது வலப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கும். மஞ்சள் நிற அடையாளத்துடன் ஏதாவது நிற்கின்றதா என்று பாருங்கள். அதனை இருமுறை அழுத்தினால் ஓர் இலக்கம் சொல்லும். அந்த இலக்கத்தை வாசிக்காமல் எதையும் செய்ய வேண்டாம். 28 என்றால் ட்ரைவர் பதியப்படவில்லை என்று பொருள். 10 என்றால் ட்ரைவர் இருக்கின்றது, ஆனால் கருவி ஆரம்பிக்க மறுக்கின்றது. 43 என்றால் கருவியே பழுது என்று தெரிவித்திருக்கின்றது. இங்கே திரும்பவும் வயரையும் துவாரத்தையும் சந்தேகியுங்கள். 52 என்றால் ட்ரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை.

28 என்று வந்து, பெயரில் 'ஆர்.என்.டி.ஐ.எஸ்.' என்ற எழுத்துக்களும் இருந்தால் கவலை வேண்டாம். 'அப்டேட் ட்ரைவர்' என்பதை அழுத்தி, கணனியிலேயே தேடும் வழியைத் தெரிவு செய்து, பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வாசகத்தை அழுத்துங்கள். 'நெட்வேர்க் அடப்டர்ஸ்', அதற்குள் 'மைக்ரோசொஃப்ட்', அதற்குள் 'ரிமோட் என்.டி.ஐ.எஸ். கொம்பெட்டிபிள் டிவைஸ்'. விண்டோஸ் ஓர் எச்சரிக்கை கேட்கும். ஆம் என்று சொல்லலாம். வெளியிலிருந்து எதையும் இறக்கத் தேவையில்லை.

பெயரே தெரியாமல் 'அன்னோன் டிவைஸ்' என்று நின்றால் அதே பெட்டியில் 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குள் 'ஹாட்வெயார் ஐ.டி.' என்பதைப் பாருங்கள். வீ.ஐ.டி. என்ற எழுத்துக்களுக்குப் பின் வருவது தயாரிப்பாளரின் இலக்கம். 12டி1 என்றால் ஹுவாவி, 19டி2 என்றால் இசட்.ரி.ஈ. அடுத்து வரும் பீ.ஐ.டி. என்பது கருவியின் அப்போதைய நிலையைச் சொல்லும். ஹுவாவியின் ஈ3372 என்ற டொங்களில் வேடத்தில் இருக்கும்போது 1எஃப்01 என்றும், வேடம் கலைந்ததும் 14டிசி என்றும் மாறும். மேலட்டையில் தொலைபேசி நிறுவனத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பவர் யார் என்பதை இந்த இலக்கம் சொல்லிவிடும்.

ட்ரைவர் சரியாகப் பதிந்தும் இணையம் வராமல் இருக்கலாம். அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. உலாவியில் மொடத்தின் முகவரியை அடித்துப் பாருங்கள். ஹுவாவி என்றால் பெரும்பாலும் 192.168.8.1, இசட்.ரி.ஈ. என்றால் பெரும்பாலும் 192.168.0.1. மொடத்தின் அடியிலோ பெட்டரியின் கீழோ அது அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் திறந்தால் வயரும் ட்ரைவரும் தம் கடமையைச் செய்துவிட்டன. இனிக் குறை அப்பால்தான்: சிம்மில் பெக்கேஜ் முடிந்திருக்கலாம், ஏ.பி.என். பிழையாக இருக்கலாம், கோபுரம் எட்டாமல் இருக்கலாம். இந்த நிலையில் பத்துத் தடவை ட்ரைவரை அழித்துப் பதிந்தாலும் பிரயோசனம் இல்லை. பக்கம் திறக்காமல், கணனியின் முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் மொடம் இன்னும் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். மொடத்தை அணைத்துத் திரும்ப மூட்டுங்கள். அந்தப் பக்கம் திறந்த கையோடு, 'அட்மின்' என்றிருக்கும் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

வளைகுடாவிலிருந்து வந்த மொடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகனோ மருமகனோ விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டு வந்த மொடம் பல வீடுகளில் உண்டு. இவற்றின் பக்கத்தைத் திறந்தால் முழுவதும் அரபியில் இருக்கும். அதற்காக ஊர் மௌலவியைத் தேடிப் போக வேண்டாம். பக்கத்தின் மேல்பகுதியில் மொழியை மாற்றும் இடம் இருக்கும். மொழியை விடப் பெரிய தடை பூட்டு. விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பலவற்றைப் பூட்டியிருப்பார்கள். எமது சிம்மைப் போட்டால் 'பிழையான சிம்' என்று சொல்லும். இது ட்ரைவர் பிரச்சினை அல்ல. ஆனாலும் "இந்த ட்ரைவரைப் போடு, இந்த அன்லொக் மென்பொருளை ஓட விடு, முதலில் அன்டிவைரஸை நிறுத்து" என்று வழிகாட்டுபவர்கள் ஏராளம். பூட்டைத் திறக்கும் இலக்கத்தை மொடத்தை விற்ற நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவதே முறை. வாங்கியவர் இன்னும் அங்கேயே வேலை செய்கின்றார் என்றால் அது அவருக்கு ஒரு நடைதான். அனுமானமாக இலக்கங்களை அடித்துப் பார்க்காதீர்கள். எத்தனை தடவைகள் மிச்சமென்று பக்கமே எண்ணிக் காட்டும். அது தீர்ந்தால் கதவு நிரந்தரமாக மூடிக் கொள்ளும்.

அன்டிவைரஸை நிறுத்தச் சொல்பவர்களை நான் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ட்ரைவருக்கு உள் அறை வரை அனுமதி என்று முன்னர் சொன்னேன். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகாரி ட்ரைவர் வடிவில்தான் கணனிகளுக்குள் ஆழமாக இறங்கியது. ரியல்டெக், ஜேமைக்ரோன் என்ற தாய்வான் நிறுவனங்களின் கையொப்பங்களைத் திருடி அந்த ட்ரைவர்களில் இட்டிருந்தார்கள். அது ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்தது, எங்கள் வீட்டுக் கணனியை அல்ல. ஆயினும் வழி ஒன்றுதான். மொடத்தின் பெயரை அடித்துத் தேடினால் முதலில் வந்து நிற்கும் 'ட்ரைவர் தளங்கள்' பலவற்றுக்கும் அந்த மொடத்தைச் செய்த நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 'எல்லா ட்ரைவர்களையும் புதுப்பித்துத் தருகிறோம்' என்று வரும் மென்பொருள்கள் கணனியில் ஐம்பது குறைகளைக் கண்டுபிடித்துப் பணம் கேட்கும். மொடத்துக்குள் இருப்பதும் விண்டோஸுக்குள் இருப்பதும் உதவாத போதே வெளியே தேட வேண்டும். அப்போதும் மொடம் செய்த நிறுவனத்தின் தளத்தில் அல்லது சிம் தந்த நிறுவனத்தின் தளத்தில்.

இன்னொரு விதமான சோதனை இப்போது பல வீடுகளுக்கு வரும். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டதால் பலரும் விண்டோஸ் 11க்கு மாறுகின்றார்கள். பத்துப் பதினைந்து வருடப் பழைய மொடத்துக்குள் இருக்கும் ட்ரைவரும் அதே அளவு பழையது. விண்டோஸ் 11இலுள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற காவல் அவற்றில் சிலவற்றை உள்ளே விடாது. அந்தக் காவலை நிறுத்தினால் மொடம் ஓடும் என்று சொல்வார்கள். உண்மையாகவே ஓடவும் கூடும். ஒரு பழைய மொடத்துக்காக வீட்டின் காவற்காரனை வேலையிலிருந்து நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வயரை விட்டுவிடுங்கள். இது வைஃபை மொடம். வைஃபைக்கு இதன் ட்ரைவர் எதுவும் தேவையில்லை. மேசைக் கணனி என்றால் விரல் நுனி அளவிலான யூ.எஸ்.பி வைஃபை துண்டொன்றை வாங்கிச் செருகலாம். விண்டோஸ் 11 தானாகவே அடையாளம் காணும் மாதிரிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வயரிலேயே நாள் முழுவதும் வைத்துப் பாவிப்பவர்கள் மாதம் ஒரு முறை மொடத்தின் மூடியைத் திறந்து பெட்டரியைப் பார்த்துக் கொள்ளுங்கள். எப்போதும் முழுச் சார்ஜில், சூட்டில் கிடக்கும் லிதியம் பெட்டரி உப்பிவிடும். மூடி சரியாகப் பொருந்தாமல் எழும்பி நின்றால் உடனே கழற்றுங்கள். அதனை அழுத்தவோ குத்தவோ கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. இலத்திரனியல் கழிவு ஏற்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். சில மொடங்கள் பெட்டரி இல்லாமலேயே வயரின் மின்சாரத்தில் ஓடும், சில ஓடா.

இவ்வளவுக்குப் பிறகும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள், தவறில்லை. போகுமுன் ஒரு தாளில் டிவைஸ் மெனேஜர் சொன்ன இலக்கத்தையும் ஹாட்வெயார் ஐ.டி.யையும் எழுதிக் கொள்ளுங்கள். கணனியுடன் மொடத்தையும் நீங்கள் பாவித்த அதே வயரையும் கொண்டு செல்லுங்கள். படங்களையும் பிள்ளைகளின் குறிப்புகளையும் வேறொரு பென்னிலோ ஹாட் டிஸ்கிலோ பிரதி எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தாளின் அடியில் பெரிய எழுத்தில் இதையும் எழுதிக் கொடுங்கள்: 'என்னைக் கேட்காமல் போமட் செய்ய வேண்டாம்.'